கம்பியும் கயிறும்: சுட்ட கறியின் கதை



சென்ற டிசம்பர் 31ஆம் தேதி இரவு நம் மொட்டை மாடியில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ‘பி’ பிளாக் இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கரி அடுப்பு வைத்துக் கறியைக் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். புகை ‘ஏ’ பிளாக் மூன்றாவது மாடி ஜன்னல்களில் நுழைந்தது. ஜனவரி 2ஆம் தேதி செயலாளர் கைக்கு ஒரு புகார்க் கடிதம் போனது. மாடியில் நெருப்பு மூட்டுவதற்கு முழுத் தடை வேண்டும் என்று பதினொரு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம். அதில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. வரும் பொதுக்குழுவில் அது ஓட்டெடுப்புக்கு வருகிறது.

கையெழுத்துப் போட்டபோது நான் சொன்ன காரணம் இது: “இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கமா? எங்கேயோ பார்த்துவிட்டு வந்து இங்கே செய்கிறார்கள்.” அன்று மாலையே எனக்குள் ஒரு உறுத்தல். நான் வங்கியில் எழுத்தராக இருந்தவன். ரசீது இல்லாமல் கணக்கில் வரவு வைத்துப் பழக்கமில்லை. ‘நம்ம ஊர்ப் பழக்கம் இல்லை’ என்று எதை வைத்துச் சொன்னேன்? சரி, பார்த்துவிடுவோம் என்று புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன். ஓட்டுப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

கரிகாலன் வீட்டு விருந்து

முதல் ரசீதே என் வாதத்துக்கு எதிராக அமைந்தது. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை என்று ஒரு பாட்டு உண்டு. பாடியவர் முடத்தாமக்கண்ணியார், பாடப்பட்டவன் கரிகால் சோழன். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டதால் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. பசியோடு போன ஒரு கலைஞனுக்குக் கரிகாலன் விருந்து வைக்கிறான். அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் தொடைக்கறி வேகவைத்து வருகிறது. அடுத்து வருவது கொழுத்த இறைச்சித் துண்டுகள், கம்பியில் கோத்துச் சுட்டவை. புலவர் அந்தக் கம்பிக்குச் சொல்லும் சொல் ‘காழ்’. சூடு தாங்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளித் தள்ளித் தின்றார்களாம். நாம் பஜ்ஜி தின்கிற மாதிரியேதான்.

அதற்குப் பிறகு அந்தக் கலைஞன் சொல்வது கரிசல்காட்டுக்காரனுக்கு உடனே புரியும். இரவும் பகலும் கறி தின்று தின்று, கொல்லைக் காட்டை உழுத கொழு மாதிரிப் பல் மழுங்கிப் போய்விட்டதாம். மானாவாரி நிலத்தில் ஏர் பிடித்தவர்களுக்குக் கொழு எப்படித் தேயும் என்று தெரியும்.

ஆகவே சுமார் ஈராயிரம் ஆண்டுகளாகக் கம்பியில் கோத்துச் சுட்ட கறி தமிழில் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கறியில் மிளகாய் கிடையாது. மிளகாய் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் நம் நாட்டுக்கு வந்தது. கரிகாலன் காலத்துக் காரம் மிளகு. சங்கத் தமிழில் ‘கறி’ என்றாலே மிளகுதான். இன்று நாம் இறைச்சியைக் கறி என்கிறோம். மேலே தூவியதன் பெயர் உள்ளே இருப்பதற்கு வந்து சேர்ந்துவிட்டது.

கம்பிக்கு உலகெங்கும் ஒரு பெயர்

வடமொழியில் இதற்குச் ‘சூல்யம்’ என்று பெயர். சூலத்தில் குத்திச் சுட்டது என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த ‘மானசோல்லாசம்’ என்ற நூலில், இறைச்சியில் துளையிட்டு மசாலா அடைத்துக் கம்பியில் கோத்துக் கங்கில் சுடும் முறை இருக்கிறது. பாரசீக மொழியில் ‘சீக்’ என்றால் கம்பி. சீக் கபாப் என்பது கம்பிக் கபாப். துருக்கியில் ‘ஷிஷ்’ என்றாலும் கம்பிதான். கிரேக்கர்களின் ‘சூவ்லாக்கி’ என்றால் சின்னக் கம்பி. பாருங்கள், நாலு மொழிக்காரர்கள் கறியை விட்டுவிட்டுக் கம்பியின் பெயரையே பதார்த்தத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் சாந்தோரினி என்று ஒரு தீவு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஒரு ஊரை அங்கே தோண்டி எடுத்தார்கள். அதில் கம்பிகளை வரிசையாக வைத்துச் சுடுவதற்கென்று பள்ளம் வெட்டிய தாங்கிகள் கிடைத்தன. நம் மாடியில் அந்தப் பையன்கள் வைத்திருந்த அடுப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து வருவது, 35 ஆண்டு காசு எண்ணிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பழைய கிரேக்கத்தில் கறி சுடும் இரும்புக் கம்பிக்கு ‘ஓபலோஸ்’ என்று பெயர். நாணயம் வருவதற்கு முன் இந்தக் கம்பிகளையே பணம் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பிறகு வெள்ளிக் காசு வந்தபோது சின்னக் காசுக்கு ‘ஓபல்’ என்று கம்பியின் பெயரே நிலைத்தது. ஆறு கம்பி ஒரு கைக்குள் அடங்கும். அந்தக் கைப்பிடிக்கு ‘டிராக்மா’ என்று பெயர். ஆறு ஓபல் ஒரு டிராக்மா. ஆர்கோஸ் ஊருக்குப் பக்கத்தில் ஹீரா தெய்வத்தின் கோயிலில் அப்படி ஒரு கம்பிக் கட்டே கிடைத்தது. இன்று ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002இல் யூரோ நோட்டு வரும்வரை கிரீஸ் நாட்டுப் பணத்தின் பெயர் டிராக்மாதான்.

இதோடு முடியவில்லை. அந்த டிராக்மாதான் அரபு நாடுகளுக்குப் போய்த் ‘திர்ஹம்’ ஆனது. நம் குடியிருப்பில் துபாயிலிருந்து பணம் வரும் வீடுகள் ஏழெட்டு இருக்கும். திர்ஹம், திர்ஹம் என்று எத்தனையோ சீட்டுகளில் எழுதியிருக்கிறேன். ஒரு பிடி கறிக்கம்பியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று இந்த வயதில் தெரிந்தது!

கொத்துக்கறியும் துண்டுக்கறியும்

இப்போது பைபாஸ் பக்கம் கடைகளில் எழுதி வைத்திருக்கும் வகைகளுக்கு வருவோம். எல்லாமே ஒன்று போலத் தெரியும். அடிப்படையில் வேறு வேறு.

சீக் கபாப் கொத்துக்கறியில் செய்வது. கறியையும் கொழுப்பையும் பொடியாகக் கொத்தி, மசாலா சேர்த்துப் பிசைந்து, கம்பியைச் சுற்றி விரலால் அழுத்தி ஒட்டவைப்பார்கள். அதற்குக் கம்பி பட்டையாக இருக்க வேண்டும். உருண்டைக் கம்பியாக இருந்தால் திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், கறி சுழலாது. கொழுப்புக் குறைந்தால் உதிர்ந்து கங்கில் விழும். லக்னோ பக்கத்துக் காகோரி என்ற ஊரின் கபாப் இதில் உச்சம் என்பார்கள். பப்பாளிக்காய் அரைத்துச் சேர்ப்பதால் பல்லே வேண்டியதில்லை. 1925இல் புரட்சியாளர்கள் ரயிலை நிறுத்திக் கஜானாவை எடுத்த காகோரி அதுவேதான்.

போட்டி கபாப், டிக்கா எல்லாம் துண்டுக்கறி. கரிகாலன் தின்ற வகை. தயிரிலோ எலுமிச்சையிலோ ஊறவைத்து, ஒரு அங்குலத் துண்டாகக் கோத்துச் சுடுவது. காஷ்மீரில் இதையே ‘துஜ்’ என்று தெருவோரத்தில் சுட்டு, பல வகைச் சட்னியோடு மெல்லிய ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள்.

தந்தூரியில் நெருப்பு கீழே மட்டும் இல்லை, சுற்றிலும் இருக்கிறது. குழியான மண் அடுப்புக்குள் நீளக் கம்பியை நட்டுக்குத்தாக இறக்குவார்கள். 1947 பிரிவினைக்குப் பிறகு பெஷாவரிலிருந்து டெல்லிக்கு வந்தவர்கள் தொடங்கிய மோத்தி மகால் உணவகம்தான் இதை நாடெங்கும் பரப்பியது. ஷவர்மா இன்னொரு வழி. கறி அடுக்கிய கம்பியை நிமிர்த்தி வைத்து, பக்கத்திலிருந்து நெருப்புக் காட்டிச் சுழற்றிச் சீவுவது. ‘திருப்புவது’ என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

குச்சிக் கறியும் கடலையும்

இரும்பை விட்டுக் குச்சிக்குப் போனால் கீழைநாடுகள். ஜாவாவில் தொடங்கி மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பரவிய ‘சாத்தே’ தென்னை ஈர்க்கிலோ மூங்கில் குச்சியிலோ கோத்தது. மஞ்சள், மல்லி, எலுமிச்சைப்புல் தடவி, ஒரு குச்சிக்கு நாலைந்து சின்னத் துண்டு. தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சாறு, ஓலையில் கட்டி அவித்த சோறு, வெள்ளரிக்காய், வெங்காயம். அந்தப் பெயரே நம் ‘சதை’ என்ற சொல்லிலிருந்து போனது என்று சொல்கிற அகராதிகள் உண்டு. எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நெடுங்காலம் போய்வந்த துறைமுகங்கள் அவை என்பது உண்மை. சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்கள் ‘லாவ் பா சாட்’ சந்தைப் பக்கம் சாயங்காலம் தெருவையே மறித்துச் சாத்தே சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். காலியான குச்சியை எண்ணிக் கணக்குப் போடுவது பழைய வழக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஹவுசா மக்களின் ‘சூயா’. மாட்டுக்கறியை அப்பளம் மாதிரி மெல்லிசாகச் சீவிக் குச்சியில் கோத்து, எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கை மிளகாய், சுக்கோடு பொடித்துப் பிரட்டி, நெருப்பைச் சுற்றிக் குச்சிகளைச் சாய்வாக நட்டுச் சுடுவார்கள். தாளில் வெங்காயத்தோடு மடித்துக் கொடுப்பார்கள்.

ஜப்பானின் ‘யாகிதோரி’யில் மசாலாவே கிடையாது. கோழியை இரண்டு விதமாகத் தருவார்கள். உப்பு மட்டும், அல்லது சோயா கலந்த இனிப்புச் சாறு. அவர்கள் கவனமெல்லாம் கரியில். ஓக் மரத்தில் செய்யும் ‘பின்சோதான்’ கரியைத் தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம் கேட்கும். புகை மிகக் குறைவு, சூடு அதிகம். மாடிக் குடியிருப்புக்கு ஏற்ற கரி என்று செயலாளரிடம் சொல்லலாம், விலையைக் கேட்டால் அவர் மயங்கி விழுவார்.

பெரு நாட்டின் ‘ஆன்டிகூச்சோ’வை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். அது மாட்டின் இதயம். நல்ல கறியை எசமானர்கள் எடுத்துக்கொள்ள, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு உள்ளுறுப்புகள் மிஞ்சின. அதை வினிகரிலும் மிளகாயிலும் ஊறவைத்துக் குச்சியில் சுட்டார்கள். இன்று அது அந்த நாட்டுக்கே பெருமையான பண்டம்.

இவ்வளவையும் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு. கறி சுட என்னென்ன வேண்டும்? ஆடு, நெருப்பு, கரி, வேண்டுமானால் கடலை. நம் ஊர் தீப்பெட்டிக்குப் பேர்போனது. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டோம். சாத்தேக்காரனும் சூயாக்காரனும் கடலையைக் கறியோடு சேர்த்தார்கள், நாம் வெல்லத்தோடு சேர்த்தோம். ஆட்டுக்கும் குறைவில்லை. வேம்பூர்ச் செம்மறி இங்கேதான். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட பால்கன்னி, செவலைக் கோடு போட்ட செங்கன்னி, நெட்டையான கொடி ஆடு எல்லாம் இந்த மண்ணுக்குரிய இனங்கள். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் பார்க்கலாம். இத்தனை இருந்தும் கம்பிக் கறி நம் கரிசலில் ஏன் வேர் விடவில்லை?

அடுப்பில் கங்கு நிற்காத ஊர்

விடையை என் அம்மாவின் அடுப்பில் தேடினேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். எங்கள் அடுப்பில் எரிந்தது பருத்திமார், எருவாட்டி, கொஞ்சம் உடைமுள். பருத்திமார் குப்பென்று பற்றும், நாலு பெருமூச்சு விடுவதற்குள் சாம்பலாகும். கங்கு நிற்காது. கம்பிக் கறிக்குச் சுடர் உதவாது. வெள்ளைச் சாம்பல் பூத்த கங்கு அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். சுடரில் காட்டினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். காடு இருந்த ஊர்க்காரனுக்குக் கம்பி வாய்த்தது. கரிசலில் காடு என்றால் பருத்திக் காடுதான்.

இரண்டாவது, கறியே அபூர்வம். கொடைக்குக் கிடா வெட்டுவார்கள், பொங்கல் கழிந்து கறிநாள் வரும், தீபாவளி வரும். அதைத் தவிர, பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து அறுத்துக் கூறு போடுவார்கள். தலை, தொடை, எலும்பு எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும்படிப் பனையோலையில் பரப்பி வைப்பார்கள். யாருக்கு எந்தக் கூறு என்று சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சாத்தேக்காரன் குச்சிக்கு இத்தனை துண்டு என்று வைத்த கணக்கும் இதுவும் ஒரே வகைக் கணக்கு.

அன்றைக்குச் சுடுவது ஈரலும் சுவரொட்டியும் மட்டும். கொஞ்ச நேரக் கங்கே அதற்குப் போதும். என் தாத்தா பழைய குடைக்கம்பி ஒன்றைத் தேய்த்து வைத்திருப்பார். சுவரொட்டியை அதில் குத்தி, உப்புத் தடவி, எருவாட்டிக் கங்கில் வாட்டித் தருவார். ரத்தம் ஊறும் என்று முதல் துண்டு பேறுகாலம் பார்த்து வந்த அக்காவுக்கு, அடுத்தது சோகை பிடித்த பிள்ளைகளுக்கு. எனக்கு எப்போதும் இரண்டாவது துண்டு கிடைத்தது. பெரு நாட்டுக்காரன் கதையைப் படித்தபோது அந்தக் குடைக்கம்பிதான் நினைவுக்கு வந்தது. இருந்த ஒரே கம்பி அதுதான்.

மிச்சக் கறிக்கு எங்கள் வழி வேறு. அதுதான் உப்புக்கண்டம்.

கொழுப்பில்லாத தொடைக்கறியை விரல் நீளத்துக்கு நாடா நாடாக அறுக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் நாளாக ஆகக் காறல் அடிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் தட்டிப்போட்டு ஒரு இரவு ஊறவிட்டு, கோணி ஊசியில் சணல் கோத்து ஒவ்வொரு கண்டமாகக் குத்தி இறக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும். முற்றத்தில் இரண்டு முளைக்கு நடுவே அந்தக் கயிற்றைக் கட்டினால் மாசி, பங்குனி வெயிலில் நாலைந்து நாளில் விறகு மாதிரிக் காய்ந்துவிடும். பொழுது சாய எடுத்து உள்ளே வைத்துக் காலையில் மறுபடி கட்ட வேண்டும். காக்காய்க்கும் பூனைக்கும் காவலுக்குக் கம்போடு உட்காரும் வேலை எனக்கும் என் தங்கைக்கும்.

பிறகு மண்பானையில் போட்டு வேடு கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காட்டு வேலை முடிந்து வருகிற இரவில், அணையப்போகும் கங்கில் இரண்டு கண்டத்தை வாட்டி, அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி, நாராகப் பிய்த்து, கம்மங்கஞ்சிக்குக் கடித்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு, அம்மா எண்ணித்தான் எடுப்பாள். ‘கண்டம்’ என்றால் துண்டு என்று பொருள். உலகம் கம்பியின் பெயரை வைத்துக்கொண்டது, நாம் உப்பின் பெயரையும் துண்டின் பெயரையும் வைத்துக்கொண்டோம்.

இப்போது என் கணக்கைச் சுருக்கமாக வைக்கிறேன்.

• கம்பி: துருக்கி, பாரசீகம், வட இந்தியா. இரும்பும் கங்கும் இருந்த இடம். கறி பெரிய துண்டு அல்லது கொத்துக்கறி.
• குச்சி: ஜாவா, ஜப்பான், மேற்கு ஆப்பிரிக்கா. கறி சின்னத் துண்டு, சீக்கிரம் வேகும், எண்ணி விற்கலாம்.
• கயிறு: நம் கரிசல். விறகு இல்லை, வெயில் உண்டு. முக்கால் வேலையை வெயில் செய்யும், கடைசிக் கால் பங்குக்கு மட்டும் நெருப்பு.

மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விடை. குறைந்த கறியை, குறைந்த எரிபொருளில், எல்லோருக்கும் பங்கு வரும்படி எப்படிச் சமைப்பது என்பதுதான் கேள்வி.

வளவில் தொங்கிய கயிறு

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு டவுனில் வேலை கிடைத்துக் கோவில்பட்டிக்கு வந்தோம். ஒரே வளவில் ஆறு வீடு, நடுவில் கிணறு, பொது முற்றம். அடுத்த வருடம் ஊர்க்கொடையிலிருந்து வந்த கறியில் அம்மா உப்புக்கண்டம் போட்டாள். முற்றத்து ஓரத்தில், துணி காயப்போடும் கொடிக்கு அந்தப்பக்கம், எங்கள் வாசலுக்கு நேராகக் கயிறு கட்டினாள்.

இரண்டாம் நாள் வீட்டுக்கார அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. “ஏம்மா, வளவுல கறிக்கயிறு தொங்குனா நாலு பேரு எப்படி வந்துபோவாக? வேணும்னா இருங்க, இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுங்க” என்றார். அம்மா, “சரிக்கா, இந்தா அவுத்துருதேன்” என்று சொல்லி, அவர் முன்னாலேயே கயிற்றை அவிழ்த்தாள்.

அரைகுறையாகக் காய்ந்த கறி நிற்காது. அன்றைக்கு இரவே முழுவதையும் அடுப்பில் வாட்டினாள். எண்ணாமல் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிய மட்டும் தின்றோம். எனக்கும் தங்கைக்கும் அது தீபாவளி. அம்மா ஒரு துண்டும் தொடவில்லை. அதற்குப் பிறகு அவள் உப்புக்கண்டமே போடவில்லை. சொந்த வீடு கட்டி, சொந்த மாடி வந்த பிறகும்கூட. “இப்ப யாருக்கு அதெல்லாம் வேணும்” என்று முடித்துவிடுவாள். எப்படிப் போடுவது என்று என் மனைவி கேட்டபோதும் அதே பதில்.

அந்த வீட்டுக்கார அம்மாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கறி தொடாதவர், வாசனை அவருக்குச் சங்கடம். அது நியாயமான சங்கடம். ஆனால் கயிற்றை இந்த மூலையில் கட்டு, அந்த நாளில் கட்டு என்று ஒரு பேச்சு நடந்திருந்தால் போதும். பேச்சே நடக்கவில்லை. ஐம்பத்தைந்து வருடம் கழித்து, அதே ஊரில், புகார்க் கடிதத்தில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று இரவு அந்தப் பையன்களிடம் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கரி எங்கிருந்து வந்தது

ஜனவரி முதல் வாரத்தில் அந்தப் பையன்களில் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். “தாத்தா, தொந்தரவாப் போச்சு, மன்னிச்சுருங்க” என்றான். மிச்சக் கரியை எங்கே வைப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தான், வாட்ச்மேன் அறையில் இடமில்லையாம். பையை வாங்கிப் பார்த்தேன். ஆன்லைனில் வாங்கியது. வெளிநாட்டுச் சரக்கு மாதிரிப் பளபளப்பான பை. அடியில் பொடி எழுத்தில் விளாத்திகுளம் வட்டத்து ஊர் ஒன்றின் பெயர்!

உங்களுக்குச் சீமைக்கருவேலம் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட அயல் மரம். நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேரோடு பிடுங்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களுக்குக் கஞ்சி ஊற்றியதும் அதே மரம்தான். வெட்டிய கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். ‘மூட்டம்’ என்று பெயர். ராத்திரியும் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண் விரிந்து காற்று புகுந்தால் கரி எல்லாம் சாம்பல், முதலும் சாம்பல்.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துக் கிளைக்கு மூட்டம் போடுகிற பெண்கள் நகை அடகுக்கு வருவார்கள். அவர்கள் தரும் நோட்டில் கறுப்பு விரல் ரேகை இருக்கும். எண்ணி முடித்தால் என் விரலும் கறுப்பாகிவிடும். முகத்தைச் சுளித்துக்கொண்டே கைகழுவப் போயிருக்கிறேன். அந்தக் கரி எந்த ஊர்க் கபாப்புக்குப் போகிறது என்று அப்போது யோசித்ததில்லை. அம்மாவின் அடுப்பில் கங்கு நிற்காத மண்ணிலிருந்து இன்று ஊர் ஊருக்குக் கங்கு போகிறது.

பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள்

‘நம்ம ஊர்ப் பழக்கம் இல்லை’ என்ற என் வரவைத் திருத்தி எழுதிக்கொள்கிறேன். கறி ஈராயிரம் வருடமாக நம்முடையது, கரி நம் வட்டாரத்தினுடையது. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற பத்துப் பேரின் சங்கடத்தையும் நான் மறுக்கவில்லை. மூன்றாவது மாடியில் ஆஸ்துமாவுக்கு மருந்து இழுக்கும் அம்மா இருக்கிறார். கறி வாசனையே ஆகாத வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கும் இது வீடு. ஆகவே முழுத் தடைக்குப் பதிலாக இந்த ஏற்பாட்டை முன்வைக்கிறேன்:

1. வருடத்துக்கு நான்கு நாள் மட்டும். ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். அமாவாசை, பிரதோஷம், கார்த்திகை மாதம் வேண்டாம்.
2. மாடியின் தென்கிழக்கு மூலையில் மட்டும். தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு, வயர் எதுவும் அருகில் இல்லாத இடம் அதுதான். காற்று ‘ஏ’ பிளாக் பக்கம் அடித்தால் அன்றைக்கு அடுப்பு இல்லை.
3. கங்கு வெள்ளை பூத்த பிறகே கறி வைக்க வேண்டும். பற்றவைக்கும்போதும் கொழுப்பு சொட்டும்போதும்தான் புகை அதிகம். மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும், இல்லாவிட்டால் குச்சியே எரியும்.
4. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்க வேண்டும். சாம்பல் முழுக்க ஆறிய பிறகே குப்பைக்கு.
5. பால்கனியிலும் மூடிய அறையிலும் கரி அடுப்பு எந்நாளும் கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். இந்த ஒன்றுக்கு மட்டும் நானே முழுத் தடை கேட்கிறேன்.

ஆறாவதாக ஒன்று, இது விதியாக வேண்டாம், ஆசைதான். பங்குனி வெயிலில் நாலு நாள் அந்தத் தென்கிழக்கு மூலையில் ஒரு கயிறு கட்ட அனுமதி வேண்டும். காக்காய்க்கு வலை போட்டுவிடுவேன். அறுக்கும் அளவும் உப்பின் அளவும் எனக்கு நினைவிருக்கிறது, ஊசி கோப்பதற்குத் தங்கையை வரச் சொல்லியிருக்கிறேன். காவலுக்குக் கம்போடு உட்கார ‘பி’ பிளாக் பையன்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

யாருக்காவது சங்கடம் என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள். எந்த மூலை, எந்த நாள் என்று உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.